அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்: வாடகை வீட்டுத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையத்திலும் செயலியிலும் வாடகை வீடு தேடித் தரும் நிறுவனங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சென்னைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. நாலு வீடு மாறிவிட்டேன். இரண்டு மாதமாக ஐந்தாவது வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பெரும்பாலும் உங்கள் தளங்களில்தான். அங்கே படிவத்தில் குடிவருபவர் சைவமா என்று கேட்கும் ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் வீடு தேடுவதென்றால் இரண்டே வழிதான். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தெருத்தெருவாக நடந்து, கேட்டில் டு-லெட் பலகை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டீக்கடை ஓரமாக நிற்கும் புரோக்கரிடம் போக வேண்டும். அவர் மூன்று வீடு காட்டுவார். மூன்றுக்கும் ஆட்டோ நம் செலவு. வீடு அமைந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். முதல் மாதச் சம்பளமே வராதவளுக்கு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, அதற்கு மேல் கமிஷன் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் என் முதல் வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். 99 ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்றவை முன்பே இருந்தன. 2014-ல் பெங்களூரில் நோபுரோக்கர் தொடங்கியபோது, வீட்டுக்காரரும் குடிவருபவரும் நடுவில் ஆளில்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்பதையே பெயராக வைத்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். நைட் டியூட்டியில் சாம்பிள்கள் ஓடிக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில், அடுக்களை எப்படி இருக்கிறது, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்க்க முடிந்தது. என் நாலாவது வீடு இப்படித்தான் கிடைத்தது. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எந்தத் தளத்தையும் பெயர் சொல்லிக் குறை கூறப்போவதில்லை. நான் சொல்லப்போவது உங்கள் எல்லோருக்கும்.

14 வருடத்துக்கு முன்னால் அந்தப் புரோக்கர் வீட்டைக் காட்டும் முன்பே என்னிடம் ஒன்று கேட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, ஓனர் கேப்பாங்க. நீங்க என்ன ஆளுங்க?"

புரோக்கரை எடுத்துவிட்டீர்கள். அந்தக் கேள்வியை எடுக்கவில்லை. அது இப்போது உங்கள் படிவத்தில் ஒரு கட்டமாக இருக்கிறது. வீட்டுக்காரர் விளம்பரம் கொடுக்கும்போது 'யாருக்கு விட விரும்புகிறீர்கள்' என்று நீங்களே கேட்கிறீர்கள். குடும்பம், பேச்சிலர், கம்பெனி. அதற்குக் கீழே, சைவம் மட்டும் என்று டிக் செய்ய ஓர் இடம். சில இடங்களில் குடிவருபவரின் படிவத்திலும் என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்வி உண்டு. இந்த ஊரில் 'சைவமா?' என்ற கேள்வி சாப்பாட்டைப் பற்றியது மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேட்கிற வீட்டுக்காரருக்கும் தெரியும். நேரடியாகக் கேட்கக் கூசுகிற ஒன்றை நாகரிகமாகக் கேட்க அது ஒரு வழி.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வேளச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. ஒரு படுக்கையறை, வாடகை 14,000. படத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அடுக்களை ஜன்னலுக்கு வெளியே முருங்கைக் கிளை ஒன்று கம்பிக்குள் நுழைகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நேரில் போனபோதும் அப்படியே இருந்தது. அந்த வீட்டு அம்மா குழாயைத் திறந்து காட்டினார். "மெட்ரோ தண்ணி காலைல ஆறுக்கு வந்துடும், நீ பத்து நிமிஷம் பிடிச்சா போதும்" என்றார். ஷிஃப்ட் வேலை என்று சொன்னேன். "நர்சுங்க, லேப்ல இருக்கிறவங்கல்லாம் பொறுப்பா இருப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்து மொட்டை மாடியையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நான் மனசுக்குள் பீரோவை எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இறங்கி வந்தபோது அவர் கணவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அந்தப் பக்கம் பழக்கம் போல. "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்றார். என் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டால் அதற்குப் பதில் இரண்டுதான். ஊர், இல்லையென்றால் காலனி. "காலனிதாங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. என் அப்பா அம்மா வாழ்ந்த இடம், நான் படித்து வளர்ந்த இடம். 14,000 ரூபாய் வாடகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்குப் புரியாதது.

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நான் பஸ்ஸில் ஏறி உட்காரும்போதே செய்தி வந்துவிட்டது: வேறொருவர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம். அன்று சாயங்காலம் உங்கள் தளத்திலும் 'வாடகைக்கு விடப்பட்டது' என்று மாறியிருந்தது. மூன்றாம் நாள் அதே வீடு மறுபடி மேலே வந்தது. அதே வாடகை, அதே படம். ஜன்னலில் அதே முருங்கைக் கிளை.

என்னுடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். ஃபார்மசியில் இருக்கிறாள், என்னைவிடச் சம்பளம் கொஞ்சம் அதிகம். முஸ்லிம். அவளும் வீடு தேடுகிறாள். ஒரு நாள் ராத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, இருவரும் அவரவர் போனில் ஒரே எட்டு வீடுகளுக்கு ஒரே நேரத்தில் விருப்பம் தெரிவித்தோம். மறுநாள் மதியத்துக்குள் என்னிடம் ஐந்து பேர் பேசினார்கள். அவளிடம் ஒருவர். எனக்குத் தெரு வரைக்குமாவது போக முடிகிறது. அவளுக்குப் பெயரிலேயே நின்றுவிடுகிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீயைக் குடித்து முடித்தாள்.

எட்டு வீட்டை வைத்து ஊரையே எடைபோட முடியாது, உண்மை. ஆனால் இதை முறையாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தில்லி வட்டாரத்தில் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் மூன்று ஆய்வாளர்களும் தொலைபேசியிலும் நேரிலும் வீடு கேட்டுப் பார்த்து, 2015-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழில் முடிவை எழுதினார்கள். வேலை, வருமானம் எல்லாம் சமமாக இருந்தும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும்தான் அதிகம் மறுக்கப்பட்டது. சிலருக்கு மறுக்கவில்லை, நிபந்தனை மட்டும் கூடியது.

"நாங்கள் வெறும் பலகைதான். யாருக்கு விடுவது என்பது வீட்டுக்காரரின் விருப்பம். நாங்கள் என்ன செய்ய முடியும்?" உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி ஒருவர் மரியாதையாகச் சொன்ன பதில் இது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதில் சரியில்லை.

பலகை என்றால் அதில் வீட்டுக்காரர் தன் கையால் எழுதித் தொங்கவிட வேண்டும். இங்கே கேள்வியை எழுதியது நீங்கள். பதில்களை வரிசைப்படுத்திக் கீழ்நோக்கித் திறக்கும் பட்டியலாகக் கொடுத்ததும் நீங்கள். அதுவரை அப்படி யோசிக்காத வீட்டுக்காரர்கூட அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிடுவார். அமெரிக்காவில், வீட்டில் கூடத் தங்க ஆள் தேடித் தரும் ரூம்மேட்ஸ் டாட் காம் என்ற தளத்தின் மேல் இதே விஷயத்தில் வழக்கு நடந்தது. 2008-ல் அங்கே ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கேள்வியையும் பதில் பட்டியலையும் தயாரித்துக் கட்டாயமாக நிரப்பச் சொல்லும் தளம் அந்தப் பகுதிக்குத் தானும் பொறுப்பாளிதான், அடுத்தவர் எழுதியதைக் காட்டும் இடம் என்று சொல்லி ஒதுங்க முடியாது என்றது. ஒரே வீட்டுக்குள் கூடத் தங்குபவரைத் தேர்ந்தெடுப்பது வீடு விடுவதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சட்டத்துக்குள் வராது என்று 2012-ல் அந்தத் தளம் கடைசியில் ஜெயித்தது. இருந்தாலும், கட்டத்தை வரைந்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று 2008-ல் சொன்னது எனக்கு நியாயமாகப் படுகிறது.

எங்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. நம் மாநிலத்தில் 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறது, பதிவைப் பற்றிப் பேசுகிறது, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. சாதியோ மதமோ பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை. அரசு என்றைக்காவது அந்த வரியைச் சேர்க்கட்டும். உங்கள் படிவத்தை மாற்ற நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வேலை அது.

செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2015-ல் அமெரிக்காவின் 5 நகரங்களில், சில நாள் தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்தில் இருந்த சுமார் 6,400 வீடுகளுக்கு ஒரே மாதிரி வேண்டுகோளை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. கறுப்பினத்தவருடையதாகத் தோன்றும் பெயர்களுக்குச் சம்மதம் கிடைப்பது 16 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் 2018-ல், வீட்டுக்காரர் சம்மதித்த பிறகுதான் விருந்தினரின் படம் தெரியும் என்று மாற்றியது. 2022 ஜனவரி கடைசியில், அங்குள்ள ஓரெகன் மாநிலத்தில் இருப்பவர்கள் வீடு கேட்டால் வீட்டுக்காரருக்கு முதலில் அவர்கள் பெயரின் தலைப்பெழுத்து மட்டும், பதிவு உறுதியானதும் முழுப் பெயர் தெரிகிற மாதிரி செய்தது. இரண்டு நாள் தங்குகிற வீட்டுக்கு இதைச் செய்ய முடிந்தால், வருடக்கணக்காகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஏன் முடியாது?

அதனால் நான் கேட்பது இதுதான். உணவு, சமூகம், மதம் சம்பந்தமான கட்டங்களை இரண்டு பக்கப் படிவத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். 'விவரம்' என்று சொந்தமாக எழுதும் இடத்தில் யாராவது "சுத்த சைவம் மட்டும்", "இன்னாருக்கு மட்டும்" என்று எழுதினால் அந்த விளம்பரத்தை ஏற்காதீர்கள். தொலைபேசி எண்ணை எழுதினால் உடனே கண்டுபிடித்து அழிக்கும் உங்கள் கணினிக்கு இந்தச் சொற்களைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்? வீட்டுக்காரருக்கு முதலில் தெரிய வேண்டியது எத்தனை பேர், என்ன வேலை, வாடகை கட்டும் வசதி உண்டா, எப்போது வருவார்கள், வண்டி இருக்கிறதா என்பது மட்டும். இதைப் பார்த்து அவர் 'சரி, வீட்டைக் காட்டலாம்' என்று சொன்ன பிறகு பெயர் தெரியட்டும். நேரில் போனதும் மறுக்க நினைப்பவர் மறுக்கத்தான் செய்வார், அது எனக்குத் தெரியும். ஆனால் முகத்தைப் பார்த்து மறுப்பது அவ்வளவு சுலபம் இல்லை. என் தோழிக்கு அந்த வாசல் வரை போகும் வாய்ப்பாவது கிடைக்கும். இன்னொன்று: 'விடப்பட்டது' என்று குறித்த வீடு ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தால், ஏன் என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். முன்பு கேட்டவருக்கே முதலில் தகவல் போகட்டும்.

'புரொபஷனல்ஸ் மட்டும்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் விளம்பரங்களில் அது நிறைய வருகிறது. வேலைப் பட்டியலில் ஐ.டி., வங்கி, அரசு, சொந்தத் தொழில் என்று வரும். நான் கடைசியில் இருக்கும் 'மற்றவை'யில் விழுகிறேன். 14 வருடமாக மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறேன், ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைத்ததில்லை. ஊருக்கே ரத்தம் பரிசோதிக்கும் வேலை புரொபஷன் இல்லையா? எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்கா ஒருவர் வாடகையை 3-ஆம் தேதியே கொடுத்துவிடுவார். நல்ல குடித்தனக்காரருக்கு அடையாளம் வாடகை ரசீதும், முந்தைய வீட்டுக்காரர் சொல்லும் நாலு வார்த்தையும்தான். அதைப் பதிந்து வைக்க ஓர் இடம் கொடுங்கள். கம்பெனி அடையாள அட்டையைவிட வீட்டுக்காரருக்கு அது உதவும்.

வீட்டுக்காரர்களின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த கதை இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் போலீஸ் என்கவுன்டரில் இறந்தார்கள். அதன் பிறகு குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி மாநகரப் போலீஸ் உத்தரவு போட்டது. ஆதார் கேட்கட்டும், போட்டோ கேட்கட்டும், நான் கொடுக்கிறேன். அதெல்லாம் ஒப்பந்தம் போடும்போது கேட்க வேண்டியது. நான் யார் என்று உறுதிப்படுத்திக்கொள்வது வேறு, நான் எந்தத் தெரு என்று தெரிந்துகொள்வது வேறு.

என் நாலாவது வீட்டுக்காரர் வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் கேட்டது இரண்டு கேள்விதான். "எத்தனை பேரும்மா? எப்ப வர்றீங்க?" குடிவந்த அன்று மின்சார மீட்டரை என்னோடு நின்று பார்த்து, எண்ணைப் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். அவரும் கையெழுத்துப் போட்டார், என்னையும் போடச் சொன்னார். அந்தத் தாள் ஆறு வருடமாக மீட்டர் பெட்டிக்குள்தான் இருந்தது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் இஷ்டத்துக்குப் போட்டதில்லை, பில்லைக் காட்டி என் பங்கை வாங்கிக்கொள்வார். சண்டை வந்ததே மோட்டாரை ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டதற்காக ஒரே ஒரு தடவைதான். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் அவர் பேத்தி கிண்ணத்தோடு மேலே வந்துவிடுவாள். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் இடத்தை அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் நான் மறுபடி வீடு தேடுகிறேன்.

இப்படிப்பட்டவர்களும் உங்களிடம்தான் விளம்பரம் கொடுக்கிறார்கள். கட்டத்தை எடுத்தால் வீட்டுக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்குச் சீக்கிரம் ஆள் வேண்டும், கமிஷன் கொடுக்கக் கூடாது, வாடகை ஒழுங்காக வர வேண்டும். இதற்காகத்தான் அவர்கள் உங்களிடம் வருகிறார்கள். அந்த மூன்றும் அப்போதும் இருக்கும்.

மற்ற இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய பழக்கம். 2017 சட்டம் 3 மாத வாடகை என்று அளவு சொல்கிறது. விளம்பரத்தில் அட்வான்ஸ் தொகைக்குப் பக்கத்திலேயே அது எத்தனை மாத வாடகை, சட்டம் சொல்வது எத்தனை என்று போடுங்கள். அதே சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு அரசு இணையதளமும் இருக்கிறது. நீங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தயாரித்துக் கொடுக்கும் 11 மாத ஒப்பந்தத்தோடு அந்தப் பதிவையும் செய்து கொடுங்கள், பின்னால் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும்போது எங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அப்புறம் எங்கள் தொலைபேசி எண். வீடு தேடக் கொடுத்த எண்ணுக்கு, லாரியில் சாமான் ஏற்றுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், கடன் கொடுக்கிறவர், வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு புரோக்கர், எல்லோரும் பேசுகிறார்கள். நைட் டியூட்டி முடிந்து தூங்குகிறவளுக்குப் பகல் முழுக்க இதுதான். எதற்காகச் சம்மதம் வாங்கினீர்களோ அதற்கு மட்டும்தான் எங்கள் விவரத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்காகவே 2023-ல் நாடாளுமன்றம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் இவை இரண்டையும் நாளைக்குச் செய்தாலும் பரவாயில்லை. அந்தக் கட்டத்தை முதலில் எடுங்கள்.

இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பாத்திரங்களைப் பாதி கட்டி வைத்துவிட்டேன். மீட்டர் பெட்டியிலிருந்து அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். இன்று ராத்திரியும் டியூட்டி இடைவேளையில் உங்கள் செயலியைத் திறப்பேன். தோழியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து வீடு தேடும் ஒரு லேப் டெக்னீஷியன்